பச்சைத் தேயிலையும் உடற்கொழுப்பும்

உடற்பருமனைக் குறைக்க விரும்புவோர் இக்காலத்தில் நாடும் பொருள்களுள் பச்சைத் தேயிலையும் ஒன்று. அதனைக் காய்ச்சி அருந்துவது ஒருபுறமிருக்க, அதன் சாரத்தை மாத்திரையாக்கியும் விற்கின்றனர். "கொழுப்பைக் கரைக்கும்" என்னும் விளம்பரத்தை நம்பிப் பணம் கொடுப்போர் பலர். இலையிலுள்ள பொருள் யாது? அது கொழுப்பைக் கரைக்க வல்லதா? ஆமெனின், எவ்வளவு? இவற்றை ஆராய்ந்தறிவது நம் பணப்பைக்கும் உடலுக்கும் நன்மை பயக்கும்.

ஒரே செடி, இரு தேநீர்

பச்சைத் தேயிலைக்கெனத் தனிச் செடி இல்லை. நாம் அன்றாடம் அருந்தும் கறுப்புத் தேயிலையும் அதுவும் ஒரே செடியின் கொழுந்துகளே. பறித்த கொழுந்தை வாட்டிக் கசக்கி வைத்தால், இலையிலுள்ள நொதியொன்று காற்றிலுள்ள பிராணவாயுவின் துணைகொண்டு துவர்ப்புப் பொருள்களை மாற்றிவிடுகின்றது, இலை கறுக்கின்றது. பறித்தவுடன் சூடேற்றினாலோ அந்நொதி செயலற்றுப் போகும். பசுமையும் துவர்ப்பும் நிலைத்து நிற்கும். இதற்காக ஜப்பானியர் இலையைப் பெரும்பாலும் நீராவியில் அவிப்பர். சீனர் பெரும்பாலும் சட்டியிலிட்டு வறுப்பர்.

அத்துவர்ப்புப் பொருள்களுக்குக் கேட்டசின் என்று பெயர். மிச்சியோ சுஜிமுரா என்னும் ஜப்பானிய அம்மையார் 1929ஆம் ஆண்டில் பச்சைத் தேயிலையிலிருந்து கேட்டசினைப் பிரித்தெடுத்தார். வேளாண்மைத் துறையில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண்மணி என்னும் சிறப்பையும் 1932இல் அவர் அடைந்தார். கேட்டசின் பல வகைப்படும். அவற்றுள் இவ்விலையில் மிகுந்திருப்பது எபிகேலோகேட்டசின் கேலேட் என்பதாகும். இலையில் காஃபீனும் உண்டு.

கொழுப்பு எரிவது எவ்வாறு?

நரம்புகள் சுரக்கும் நாரட்ரினலின் என்னும் பொருள், சேமித்து வைத்த கொழுப்பை எடுத்து எரிக்குமாறு உடலை ஏவுகின்றது. ஏவல் முடிந்ததும் நொதியொன்று அதனைச் சிதைத்துவிடும். கேட்டசின் அந்நொதியைத் தடுக்கும். காஃபீன் அந்த ஏவலின் விளைவை நீடிக்கச் செய்யும். ஆகவே, இரண்டும் சேர்ந்தால் உடல் சற்றுக் கூடுதலாக எரிக்கும் என்று விஞ்ஞானிகள் கருதினர்.

அப்துல் டுல்லூ என்பவரும் அவர்தம் குழுவினரும் ஜெனீவாவில் இதனைச் சோதித்து 1999இல் முடிவை வெளியிட்டனர். 10 ஆடவரை, உடல் செலவிடும் சக்தியை அளக்கும் அறையில் தங்கவைத்துப் பச்சைத் தேயிலைச் சாரம் கொடுத்தபோது, ஒரு நாள் சக்திச் செலவு 4 விழுக்காடு உயர்ந்தது. அதே அளவு காஃபீனை மட்டும் கொடுத்தபோது அவ்வாறு உயரவில்லை. பச்சைத் தேயிலையின் புகழ் பரவியதற்கு இத்தகைய முடிவுகளும் ஒரு காரணம்.

ஆயினும், 4 விழுக்காடு என்பது எவ்வளவு? நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 கலோரி. ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரி உண்டு. எனவே, 20 கிராம் சர்க்கரை, அதாவது ஏறத்தாழ ஐந்து தேக்கரண்டி, உட்சென்றால் அந்த இலாபம் முழுவதும் கரைந்துபோகும்.

எடை எவ்வளவு குறைந்தது?

பருமன் மிக்கவர்களைக் கொண்டு 12 வாரமேனும் நடந்த ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 2012இல் ஒருங்கே சீர்தூக்கினர். ஜப்பானில் நடந்த ஆய்வுகளில், பச்சைத் தேயிலைச் சரக்குகளை உட்கொண்டோர் மற்றவரைவிட 0.2 முதல் 3.5 கிலோகிராம் வரை கூடுதலாக இளைத்திருந்தனர். ஜப்பானுக்கு வெளியே நடந்த ஆறு ஆய்வுகளிலோ சராசரி வேறுபாடு 0.04 கிலோகிராமே; அஃதாவது 40 கிராம்! தற்செயலாகவும் நிகழக்கூடிய இவ்வளவிற்காகவா மாதந்தோறும் மாத்திரை வாங்குவது?

இதனால் பச்சைத் தேயிலை பயனற்றது என்று கருதிவிடலாகாது. ஜப்பானின் மியாகி மாநிலத்து ஓசாகி வட்டாரத்தில் 40,530 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் ஐந்து கோப்பையும் அதற்கு மேலும் அருந்தியோரிடையே மரண விகிதம், ஒரு கோப்பைக்கும் குறைவாக அருந்தியோரைவிட 16 விழுக்காடு குறைந்திருந்தது. குறிப்பாக, இருதய, இரத்தக்குழாய் நோய்களால் நேர்ந்த மரணங்கள் குறைந்திருந்தன. புற்றுநோய் மரணத்தில் அத்தகைய வேறுபாடு இல்லை. இது மக்களின் பழக்கத்தைக் கவனித்து அறிந்ததேயன்றி, தேநீர்தான் காரணம் என்று நிறுவியதன்று.

ஈரலுக்கு நேரும் தீங்கு

கோப்பைக்கும் மாத்திரைக்கும் உள்ள வேற்றுமையே நாம் தலையாயதாக அறிய வேண்டுவது. பச்சைத் தேநீர் அருந்துவோர் உடலில் நாளொன்றுக்குச் சராசரியாக 90 முதல் 300 மில்லிகிராம் வரை எபிகேலோகேட்டசின் கேலேட் சேரும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் மதிப்பிட்டது. முறைப்படி காய்ச்சி அருந்துவது பொதுவாகத் தீங்கற்றது என்றும் கூறியது. ஆனால், மாத்திரைகளாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் உட்கொண்டோருக்குக் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் இரத்த அறிகுறிகள் உயர்ந்திருந்தன. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒருநாள் அளவு 800 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருத்தல் வேண்டும் என்று விதி செய்தது. சிலருக்கு மரபுவழி அமைந்த கூறு காரணமாக இத்தீங்கு எளிதில் நேர்கின்றது எனவும் அறிஞர்கள் கண்டுள்ளனர். மாத்திரை உண்பவர்க்குக் கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே அதனை நிறுத்தி மருத்துவரைக் காணுதல் வேண்டும்.

இரத்தச் சோகை உள்ளவர்களும் கருவுற்ற தாய்மாரும் உணவோடு தேநீர் அருந்தாதிருப்பது நலம். கீரை, பருப்பு முதலியவற்றிலுள்ள இரும்புச் சத்தைத் தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் உடலில் சேரவிடாமல் தடுக்கும்.

நம் நாட்டுக் காப்பிக் கடைகளில் தே தாரேக்குக் கெட்டிப்பால் ஊற்றும் வழக்கம் யாவரும் அறிந்ததே. அந்த இனிப்பை விடுத்து, பச்சைத் தேநீரையோ தே ஓ கோசோங்கையோ அருந்துவோர் பெறும் நன்மையில் பெரும்பங்கு விட்ட சர்க்கரையினால் வருவதே. தேயிலை செய்யும் உதவி சிறிது. நாவடக்கம் செய்யும் உதவி பெரிது. அதற்குப் பணம் செலவில்லை, ஈரலுக்கும் கேடில்லை.