அடிக்கடி வரும் அரிப்பும் வெள்ளைப்படுதலும்: காரணத்தைத் தேடுவோம்

 

வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, பல பெண்கள் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும் ஒரு தொல்லையைப் பற்றி இம்முறை எழுதுகிறோம். பிறப்புறுப்பில் திரும்பத் திரும்ப வரும் பூஞ்சைத் தொற்றுதான் அது. மார்க்க விளக்கம் கேட்க வெட்கம் தடையாகாத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். உடல்நலம் பற்றிக் கேட்கவும் நாம் தயங்க வேண்டியதில்லை.

கடும் அரிப்பு, திரிந்த பால் போன்ற வெள்ளைப்படுதல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள். கெட்ட வாடை, மஞ்சள் அல்லது பச்சை நிறம், காய்ச்சல், அடிவயிற்று வலி இருந்தால் வேறு நோயாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேண்டிடா என்ற இந்தப் பூஞ்சை பல பெண்களின் உடலில் இயல்பாகவே இருப்பதுதான். நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அதை அடக்கி வைத்திருக்கின்றன. ஆன்டிபயாடிக் மாத்திரைகள் அவற்றை அழிக்கும்போதும், கர்ப்பக் காலத்திலும், சர்க்கரை கட்டுப்படாதபோதும் பூஞ்சை பெருகுகிறது. இதைப் பால்வினை நோயாக மருத்துவம் கருதுவதில்லை. இதை வைத்துக் கணவனோ மனைவியோ ஒருவரையொருவர் சந்தேகிப்பது அநியாயம்.

ஓராண்டில் 3 முறைக்குக் குறையாமல் வந்தால், மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் பூசுவதோடு நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் அரிப்பை அப்போதைக்கு அடக்கி, நோயை வளர்த்துவிடும். மகளிர் மருத்துவரிடம் சென்று வெள்ளைப்படுதலைப் பரிசோதிக்க வேண்டும்; இரத்தச் சர்க்கரையும் பார்க்க வேண்டும். வெளியே தெரியாத சர்க்கரை நோய் சிலருக்கு இப்படித்தான் தெரியவருகிறது. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளாலும் இது வரலாம். அப்படியானால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடிக்கடி வருபவர்களுக்கு வாரம் ஒரு மாத்திரை என 6 மாதம் வரை சிகிச்சை தருவதுண்டு. அரிப்பு நின்றதும் பாதியில் விட்டால் மீண்டும் வரும். கர்ப்பிணிகளுக்கு மருந்து வேறு என்பதால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சுத்தத்துக்காகச் சோப்பு, டெட்டால், வாசனைத் திரவம் கொண்டு உள்ளே கழுவுவது தீங்கு. தொழுகைக்கான சுத்தத்துக்கு வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும். பருத்தி உள்ளாடை அணிந்து, ஈரமானால் உடனே மாற்றுங்கள்.

சகோதரர்களே, வீட்டுப் பெண்கள் "மருத்துவரிடம் போக வேண்டும்" என்று மட்டும் சொன்னால், காரணம் கேட்டுத் துருவாமல் அழைத்துச் செல்லுங்கள். மாமியார்களும் மருமகள்களுக்குத் துணை நில்லுங்கள்.

வல்ல அல்லாஹ் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.