ஆள் வந்தால்தான் ஓடும் கடிகாரம்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. போனில் ஆசிரியர். “தம்பி, தலையங்கம் அஞ்சு மணிக்கே வந்திருக்கணும்ல? இன்னும் பழைய இதழ்தான் நிக்குது.” அவர் நடத்தும் சிற்றிதழின் இணையதளத்தை ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்பவன் நான். முந்தின இரவே தலையங்கத்தை ஏற்றி, காலை 5 மணி என்று நேரமும் குறித்துவிட்டுத்தான் படுத்திருந்தேன். பதறிப்போய் லேப்டாப்பைத் திறந்தால், தலையங்கம் சமர்த்தாக முகப்பில் உட்கார்ந்திருக்கிறது.

“இருக்கே சார், இன்னொரு தடவை பாருங்க.”

“அட, ஆமா! என்ன பண்ணீங்க?”

நான் ஒன்றும் பண்ணவில்லை. அடுத்தடுத்த இரண்டு வாரமும் இதே உரையாடல். அவர் அழைப்பார், நான் பார்ப்பேன், அதற்குள் சரியாகியிருக்கும். என் கைராசியைப் பற்றி அவர் நண்பர்களிடம் சொல்லத் தொடங்கிய பிறகுதான், எனக்கு வெட்கம் வந்து விஷயத்தைத் தோண்டிப் பார்த்தேன்.

சரிசெய்தது ஆசிரியரேதான். அந்தத் தளத்துக்கு விடியற்காலையில் வாசகர் யாரும் வருவதில்லை. எட்டு மணிக்கு முதல் ஆளாக எட்டிப் பார்ப்பவர் அவர். அவர் பார்த்ததால்தான் தலையங்கம் வெளியானது. ஆனால் அவர் கண்ணில் பட்டது, அது வெளியாவதற்கு ஒரு நொடி முந்தைய பக்கம்.

தளம் ஓடுவது வேர்ட்பிரஸில். இந்த மென்பொருளுக்குச் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. பிஹெச்பி மொழியில் எழுதப்பட்டது அது. வாசகர் ஒருவர் பக்கத்தைக் கேட்டதும் உயிர்பெறும், பக்கத்தைத் தயாரித்துக் கொடுத்ததும் உயிரை விட்டுவிடும். அடுத்தவர் வரும்வரை அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. ‘இன்ன நேரத்தில் இன்ன வேலை’ என்று நாம் குறித்து வைப்பதெல்லாம் தரவுத்தளத்தில் ஒரு பட்டியலாகக் கிடக்கும். யாராவது வந்து கதவைத் தட்டும்போது, வேர்ட்பிரஸ் அந்தப் பட்டியலை ஒரு பார்வை பார்க்கிறது. நேரம் கடந்த வேலை ஏதும் இருந்தால், தனக்குத்தானே ஒரு கோரிக்கை அனுப்பி, பதிலுக்கு நூறில் ஒரு விநாடிக்கு மேல் காத்திராமல், வந்தவரைக் கவனிக்கப் போய்விடுகிறது. அந்தக் கோரிக்கை பின்னால் தனியாக ஓடி வேலையை முடிக்கும். ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வந்தால் ஆயிரம் முறை ஓடிவிடாமல் ஒரு பூட்டும் உண்டு: ஒருமுறை எழுப்பினால் அடுத்த 60 விநாடிக்கு மறுபடி எழுப்பாது. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் டபிள்யூபி-கிரான்.

கதவைத் தட்டினால் மட்டும் கண் விழிக்கும் காவலாளி என்று வைத்துக்கொள்ளலாம். தட்டுவது மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கூகுளின் தேடல் ரோபோ வந்து தட்டினாலும் விழித்துக்கொள்வார். கட்டுரை வெளியீடு மட்டும் இவரை நம்பி இல்லை. காப்புநகல் எடுக்கும் பிளகின், சந்தாதாரர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் பிளகின், காலாவதியான தகவல்களைக் கூட்டிப் பெருக்கும் வேலை எல்லாமே இந்தத் தூங்குமூஞ்சியின் பொறுப்பு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. தளம் வேகமாகத் திறக்கட்டும் என்று கேஷ் வசதியைப் போடுகிறோம். அது ஏற்கெனவே தயாரித்த பக்கத்தின் நகலை வாசலிலேயே கொடுத்து வாசகரை அனுப்பிவிடும். வேர்ட்பிரஸை எழுப்பவே எழுப்பாது. கூட்டம் வருகிறது, கடிகாரம் நிற்கிறது.

இதைப் படித்ததும் ‘இவ்வளவு மட்டமாகவா யோசித்தார்கள்’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இப்போது அப்படி நினைக்கவில்லை. 2003-இல் வேர்ட்பிரஸ் பிறந்ததிலிருந்தே அதன் பலம், மிக மலிவான இடத்திலும் குடியேறிவிடும் என்பதுதான். அந்த மலிவான இடம் ஷேர்டு ஹோஸ்டிங். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள், சுத்தமான ஒண்டுக்குடித்தனம். உங்களுக்கு என்று ஒரு அறை உண்டு, முற்றமும் குழாயும் பொது, வாசல் சாவி வீட்டுக்காரரிடம். இரவு முழுக்க உங்கள் விளக்கு எரிந்தால் அவர் வந்து அணைத்துவிடுவார். அதாவது, ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை அங்கே வைத்திருக்க விடமாட்டார்கள். கடிகாரம் வைக்க இடமில்லாத வீட்டில், வருகிறவர் போகிறவரையே கடிகாரமாக்கிக்கொண்டது கெட்டிக்காரத்தனம்தான். விடியற்காலையில் யாரும் வராத சிற்றிதழ்களுக்குத்தான் அது ஒத்துவராது.

நல்லவேளையாக, பெரும்பாலான வீட்டுக்காரர்கள் முற்றத்தில் ஒரு பொதுக் கடிகாரம் மாட்டியிருக்கிறார்கள். அதுதான் அசல் கிரான். காலத்தைக் குறிக்கும் க்ரோனோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதியது. 1979-இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இருந்த கிரான் செய்த வேலை மொத்தமே நான்கு: பட்டியலைப் படி, இப்போது செய்ய வேண்டியது இருந்தால் செய், ஒரு நிமிடம் தூங்கு, மறுபடி முதலிலிருந்து. பட்டியலும் கணினிக்கு ஒன்றே ஒன்று. பிறகு ஒவ்வொரு பயனருக்கும் தனிப் பட்டியல் என்று ஆனபோது, நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாருடைய பட்டியலையும் புரட்டுவது அன்றைய கணினிகளுக்குப் பெரிய சுமையாகத் தெரிந்தது. பர்டூ பல்கலைக்கழகத்தில், அடுத்த வேலைக்கான நேரம் வரும்வரை தூங்கும் கிரானை எழுதினார்கள். ஆனால் 1987-இல் பால் விக்சி எழுதிப் பரவலான கிரான், பழையபடி நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கிறது. கணினிகள் வேகமாகிவிட்டன, நிமிடத்துக்கு ஒரு கண்சிமிட்டலுக்குக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

என் வேலை இரண்டே படி. வேர்ட்பிரஸின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, வாசகர் வந்தால் விழிக்கும் பழக்கத்தை நிறுத்தினேன். பிறகு ஹோஸ்டிங் கணக்கின் சிபேனல் பக்கத்தில் ‘கிரான் ஜாப்ஸ்’ என்ற இடத்துக்குப் போய், கால்மணிக்கு ஒருமுறை அந்தப் பட்டியலைப் பார்க்கும் கோப்பை இயக்கு என்று எழுதினேன். இந்த இரண்டில் முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை மறந்தால், இருந்த அரைக் கடிகாரமும் போய்விடும். மறப்பவர்கள் உண்டு.

அன்றே ஆசை கூடி, தளத்தின் காப்புநகலுக்கும் தனியாக ஒரு வரி எழுதினேன். அங்கேதான் சறுக்கினேன். கிரான் வரியில் ஐந்து கட்டங்கள்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. எதுவானாலும் சரி என்றால் நட்சத்திரக் குறி. வெள்ளிக்கிழமை காலை 5 மணிக்கு, புதிய இதழ் வந்த கையோடு நகல் எடுக்க நினைத்து, இப்படி எழுதினேன்:

0 5 * * 5

ஞாயிறு 0, வெள்ளி 5. கணக்கு சரிதான். ஆனால் நகல் எடுக்கப்பட்டது காலை பத்தரைக்கு. என் சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நமக்கு வெள்ளி காலை 5 என்றால், சர்வருக்கு அது வியாழன் இரவு 11.30. ஆக, மணியை மட்டும் மாற்றினால் போதாது, கிழமையையும் ஒருநாள் பின்னால் தள்ள வேண்டும்:

30 23 * * 4

இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு அந்த அரை மணி நேரம் நிரந்தரமாக இடறும் கல். ஆனாலும் அமெரிக்கர்களின் பாடு இன்னும் மோசம். மார்ச் இரண்டாம் ஞாயிறு இரவு 2 மணி அடித்ததும் அங்கே கடிகாரத்தை 3-க்குத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டரைக்குக் குறித்த வேலை என்னாகும் என்பது, எந்த கிரான் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. இன்னொரு குண்டூசியும் உண்டு: தேதி, கிழமை இரண்டையும் நிரப்பினால் கிரான் ‘இரண்டும் பொருந்தும் நாள்’ என்று எடுத்துக்கொள்ளாது, ‘இரண்டில் ஏதாவது ஒன்று’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமையில் வரும் 13-ஆம் தேதிக்கு என்று எழுதிய வேலை, எல்லா 13-ஆம் தேதியும் எல்லா வெள்ளியும் ஓடும்.

ஒண்டுக்குடித்தனத்தில் காலை ஆறு மணிக் குழாயடியைப் பார்த்தவர்களுக்கு அடுத்த சங்கதியை விளக்க வேண்டியதில்லை. எல்லாரும் நள்ளிரவு 12, அல்லது மணி அடிக்கும் அந்த முதல் நிமிடம் என்றே குறிக்கிறார்கள். மனித மனத்துக்குப் பூஜ்யம் பிடிக்கும். அந்த நிமிடத்தில் நூறு தளங்களின் வேலைகள் ஒரே சர்வரில் குடத்தோடு முண்டியடிக்கின்றன. நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் போன்ற பெரிய நிறுவனமே, ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் நெரிசல் இருக்கும், வேறு நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று தன் கையேட்டில் சொல்கிறது. என் நகல் வேலையை வாராந்தரத்திலிருந்து தினசரியாக்கியபோது, நம் நேரம் 2.47 என்று வைத்தேன். அந்த நேரத்தில் குழாயடியில் ஈரம்கூட இருக்காது.

வேலை நேரத்துக்கு ஓடியது. ஆனால் ஒழுங்காக முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு வேலை எதையாவது முணுமுணுத்தால், அதை மின்னஞ்சலாக அனுப்புவது கிரானின் குணம். கால்மணிக்கு ஒருமுறை ஓடும் வேலை ஒவ்வொரு முறையும் முணுமுணுத்தால் நாளைக்கு 96 மின்னஞ்சல். இரண்டாம் நாளே எல்லாரும் அதன் வாயைக் கட்டிவிடுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரி வரிகள் பலவற்றின் வாலிலேயே அந்தக் கட்டு இருக்கிறது. அப்படியே எடுத்து ஒட்டுகிறோம். நல்ல செய்தியோடு கெட்ட செய்தியும் நின்றுபோகிறது.

வாயைக் கட்டாவிட்டாலும் செய்தி வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2017 ஜனவரி 31 இரவு, அதேபோல நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் துணைச் சர்வரில் இருக்கும் தரவை அழிப்பதாக நினைத்து, மூலச் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிபி போய்விட்டது. பரவாயில்லை, தினமும் கிரான் காப்புநகல் எடுக்கிறதே என்று போய்ப் பார்த்தால், நகல்கள் இருக்க வேண்டிய கிடங்கு காலி. தரவுத்தளத்தின் பதிப்பு 9.6, நகல் எடுக்கும் கருவி 9.2. பழைய கருவி புதிய தரவுத்தளத்தைத் தொட மறுத்து, ஒவ்வொரு முறையும் பிழை சொல்லிவிட்டு நின்றிருக்கிறது. கிரானும் தன் கடமை தவறாமல் ஒவ்வொரு பிழைக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. போலி அஞ்சல்களைத் தடுக்கும் சரிபார்ப்புக்கு அந்த மின்னஞ்சல்களில் உரிய ஏற்பாடு இல்லாததால், பெறும் பக்கம் அவற்றைத் திருப்பிவிட்டது. வேறொரு வேலைக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் எடுத்து வைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்துத் தரவு போனது போனதுதான். பாதிக்கப்பட்டவற்றில் சுமார் 5,000 புராஜெக்டுகளும் 700 புதிய பயனர் கணக்குகளும் அடக்கம். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டி, நடந்ததை ஒளிக்காமல் எழுதியும் வைத்தார்கள். அதனால்தான் இத்தனை விவரம் நமக்குத் தெரிகிறது. அந்தத் துணிச்சலுக்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது.

இதற்கு மருந்து நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. வெளியூர் கிளம்பும் பிள்ளையிடம் அம்மா சொல்வது: “போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு.” விபத்து நடந்தால் கூப்பிடு என்று எந்த அம்மாவும் சொல்வதில்லை. விபத்தில் சிக்கியவனால் கூப்பிட முடியாமல் போகலாம் என்பது அவளுக்குத் தெரியும். சேர வேண்டிய நேரம் தாண்டியும் மணி அடிக்கவில்லை என்றால், அவள் விசாரிக்கத் தொடங்குவாள். கணினியிலும் இதையே செய்யலாம். காப்புநகல் வெற்றிகரமாக முடிந்தால் மட்டும், வெளியே வேறொரு சர்வரில் இருக்கும் ஒரு முகவரியைத் தட்டிவிட்டுப் போகச் சொல்ல வேண்டும். குறித்த நேரத்துக்குள் தட்டல் வராவிட்டால், அந்தச் சர்வர் நமக்குச் சத்தம் போடும். தளம் கிடக்கும் அதே சர்வரில் இந்த அம்மாவைக் குடிவைக்கக் கூடாது. அது படுத்தால் அவளும் படுத்துவிடுவாள்.

எனக்கான மிஸ்டு கால் மூன்று மணிக்குள் வந்துவிடும். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. மூன்றே காலுக்குப் போன் அலறியது. பழைய நகல்களை அழிக்கச் சொல்லி நான் எழுதாமல் விட்டதால், எனக்கு ஒதுக்கிய இடம் முழுவதும் நகல்களே நிரம்பி, அன்றைய நகலுக்கு இடமில்லாமல் போயிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பழையவற்றை அழித்தேன். மறுபடி ஓடவிட்டு, தட்டல் வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டுப் படுத்தேன். ஐந்து மணிக்குத் தலையங்கம் தானாக ஏறியது.

எட்டு மணிக்கு ஆசிரியர் அழைத்தார். மூன்றாம் பத்தியில் ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தது.