ரிட்டயர் ஆனவங்க கிளப்: அப்பா அம்மாவை உள்ளே கூட்டிட்டுப் போறது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் நம்ம வீட்டுப் பக்கம்.

சென்னையிலயோ பெங்களூருலயோ வேலை பார்க்குற நம்மள்ல நிறைய பேருக்கு இப்போ ஒரே மாதிரி ஒரு கவலை. அப்பா ரிட்டயர் ஆயிட்டார், இல்லன்னா அம்மா ரிட்டயர் ஆகப்போறாங்க. ஊர்ல இருக்காங்க. பென்ஷன் வருது, சொந்த வீடு இருக்கு, சாப்பாட்டுக்குக் குறை இல்ல. ஆனா போன் பண்ணி "என்ன பண்றீங்க?"ன்னு கேட்டா, "சும்மாதான் இருக்கேன்"னு பதில் வருது. அந்த "சும்மா"வை என்ன பண்ணலாம்னுதான் இன்னைக்குப் பேசப்போறேன்.

என் ஊர் ராசிபுரம். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவுல, ஆண்டகளூர் கேட்ல திரும்பி உள்ள வரணும். நெய்க்குப் பேர் போன ஊர். எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் பேர்ல இருக்குற "ஆர்" எங்க ஊர்தான். சுத்தி நிறைய ஸ்கூல், காலேஜ். அதனால ரிட்டயர் ஆன வாத்தியார்களும் அதிகம். அவங்க பிள்ளைங்க பாதிப்பேர் வெளியூர்ல.

இது ஒரு ஊர் கதை மட்டும் இல்ல. 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டு மக்கள்தொகையில 60 வயசு தாண்டினவங்க பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. 2031-ல அது 18 சதவீதத்தைத் தாண்டும்னு அரசோட மதிப்பீடு சொல்லுது. இந்தியாவுல கேரளாவுக்கு அடுத்தபடியா வயசாகிட்டு இருக்குற மாநிலம் நம்மளது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

ரிட்டயர் ஆனவங்க ஒண்ணாச் சேர்ந்து படிக்கிற கிளப்புக்கு உலகம் முழுக்க ஒரு பேர் இருக்கு: மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம். சுருக்கமா யு3ஏ. 1973-ல பிரான்ஸ் நாட்டுல, துலூஸ் நகரத்துல, பியர் வெல்லாஸ்ங்கற பேராசிரியர் இதை ஆரம்பிச்சார். பல்கலைக்கழகம் தன் கதவை வயசானவங்களுக்குத் திறந்து விட்டுச்சு. பேராசிரியர் பாடம் எடுப்பார், இவங்க உட்கார்ந்து கேட்பாங்க.

1980-களோட தொடக்கத்துல இது இங்கிலாந்துக்குப் போச்சு. கேம்பிரிட்ஜ்ல பீட்டர் லாஸ்லெட், கூடவே மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர்னு மூணு பேர். இவங்க ஒரு பெரிய மாற்றம் பண்ணாங்க. பேராசிரியரே வேண்டாம்னுட்டாங்க. வர்ற உறுப்பினர்களே ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக் குடுக்கணும். பரீட்சை கிடையாது, சர்ட்டிபிகேட் கிடையாது, சம்பளம் வாங்குற ஆசிரியரும் கிடையாது. ரிட்டயர் ஆன எலக்ட்ரீஷியன் திங்கக்கிழமை ஃபியூஸ் மாத்த சொல்லிக் குடுத்தா, வியாழக்கிழமை அவரே சரித்திர வகுப்புல மாணவரா உட்காருவார். இன்னைக்கு இங்கிலாந்துல இந்த மாதிரி ஆயிரத்துக்கும் மேல உள்ளூர்க் குழுக்கள் இருக்கு.

"மூன்றாம் வயது"ன்னா என்ன? முதல் வயது, வளர்ந்து படிக்கிற காலம். ரெண்டாவது, வேலையும் குடும்பமும் தலையில இருக்குற காலம். மூணாவது, பொறுப்புகள் குறைஞ்சு, உடம்பும் மனசும் இன்னும் தெம்பா இருக்குற காலம். அதுக்கு அப்புறம்தான் அடுத்தவங்களைச் சார்ந்திருக்கிற நாலாவது வயது. நாம பெரும்பாலும் மூணாவதையும் நாலாவதையும் ஒண்ணாக் குழப்பிக்கிறோம். 60 வயசுல நல்லா நடமாடுற மனுஷர்கிட்ட "நீங்க ரெஸ்ட் எடுங்க"ன்னு சொல்றது அந்தக் குழப்பம்தான்.

எங்க ஊருக்கு ஒத்துவர்றது கேம்பிரிட்ஜ் முறை. ஏன்னா அதுக்குக் கட்டடம் வேண்டாம், பெரிய நிதி வேண்டாம். ஆள் இருந்தாப் போதும். ஆள்தான் நம்மகிட்ட இருக்காங்களே.

நம்ம ஊர்ல கிளப்னா அது பென்ஷனர் சங்கம்

தமிழ்நாட்டுல யாரும் "மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்"னு போர்டு மாட்டுறது இல்ல. தாலுகா தலைநகரங்கள்ல பொதுவா இருக்குறது ஓய்வூதியர் சங்கங்களோட வட்டக் கிளை. மாசம் ஒரு கூட்டம், நாலு பிளாஸ்டிக் சேர், ஒரு பீரோ, ஒரு தீர்மான நோட்டு.

இந்தச் சங்கங்களுக்குப் பின்னாடி ஒரு வழக்கு இருக்கு. டி.எஸ். நகரா, பாதுகாப்பு அமைச்சகத்துல நிதி ஆலோசகரா இருந்து 1972-ல ஓய்வு பெற்றவர். 1979-ல மத்திய அரசு பென்ஷன் கணக்கிடுற முறையை மேம்படுத்துச்சு. ஆனா அந்த வருஷம் மார்ச் 31-லயோ அதுக்கு அப்புறமோ ஓய்வு பெறுறவங்களுக்கு மட்டும்னு ஒரு கோடு போட்டுச்சு. அதுக்கு முன்னாடி ஓய்வு பெற்றவங்களும் அதே வேலையைத்தானே பார்த்தாங்க? நகரா உச்ச நீதிமன்றம் போனார். 1982 டிசம்பர் 17 அன்னைக்கு, ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தக் கோடு செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னது. பென்ஷன் அரசாங்கம் இரக்கப்பட்டுக் குடுக்குற காசு கிடையாது, செஞ்ச வேலைக்கான உரிமைன்னு அந்தத் தீர்ப்பு நிலைநாட்டுச்சு. அதனாலதான் டிசம்பர் 17 ஓய்வூதியர் தினம்.

ஆக, நம்ம ஊர்ல மக்கள் சங்கத்துக்கு முதல்ல வர்றது பாட்டு கத்துக்கவோ யோகா பண்ணவோ இல்ல. ஒரு காகிதத்துக்காக வர்றாங்க. அகவிலைப்படி, மருத்துவக் காப்பீட்டு கார்டு, வருஷா வருஷம் உயிரோட இருக்கேன்னு காட்டுற நேர்காணல். அப்படி வந்தவங்க கொஞ்சம் கொஞ்சமா டீக்கும் பேச்சுக்கும் தங்கிடுறாங்க. உங்க வீட்டுல இருக்குறவங்களை உள்ளே கூட்டிட்டுப் போகணும்னா இந்த வரிசையை ஞாபகம் வெச்சுக்கோங்க.

நோட்டு அவர்கிட்ட இருந்தது

எங்க அப்பா ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில தலைமை ஆசிரியரா இருந்து 2022 மே மாசம் ரிட்டயர் ஆனார். முதல் மாசம் சால்வை, மாலை, பாராட்டு விழா. மூணாவது மாசம் காலையில பேப்பர், ராத்திரி டிவி விவாதம், நடுவுல ஒண்ணும் இல்ல. "சங்கத்துக்குப் போய்ட்டு வாங்கப்பா, பொழுது போகும்"னு நானும் என் அக்காவும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தோம். "பொழுது போக்குற வயசாயிடுச்சா எனக்கு?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி.

அப்புறம் ஒரு நாள் காப்பீட்டு படிவம் ஒண்ணு நிரப்ப சங்கத்துக்குப் போனார். அங்க இருந்த செயலாளர், "சார், உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குதுங்க. இந்த மாசத் தீர்மானத்தை நீங்களே எழுதிக் குடுத்துடுங்க"ன்னு நோட்டைக் கையில குடுத்து அனுப்பிட்டார். அடுத்த மாசம் அப்பா போயே ஆகணும், நோட்டு அவர்கிட்டதானே இருக்கு!

அதுக்கு அடுத்து மனு எழுதிக் குடுக்க ஆரம்பிச்சார். 80 வயசு நிறைஞ்சா அடிப்படை ஓய்வூதியத்துல 20 சதவீதம் கூடுதலாக் கிடைக்கும். குடும்ப ஓய்வூதியம் வாங்குற மனைவிக்கும் இது உண்டு. ஆனா பழைய ஓய்வூதிய உத்தரவுகள் பலதுல அந்த அம்மாவோட பிறந்த தேதியே இருக்காது. தேதி இல்லன்னா 80 எப்போ ஆச்சுன்னு கருவூலத்துக்கு எப்படித் தெரியும்? யாராவது உட்கார்ந்து ஆவணம் சேர்த்து, மனு எழுதணும். அந்த "யாராவது" இப்போ எங்க அப்பா. சாயங்காலம் நான் போன் பண்ணா, "ஏங்கண்ணு, அப்புறம் கூப்பிடறேன், ஆள் வந்திருக்காங்க"ன்னு வெச்சிடறார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நான் இதுல புரிஞ்சுக்கிட்டது ஒண்ணுதான். உட்கார ஒரு இடம் குடுத்தா ஒரு தடவை வருவாங்க. அவங்க வரலன்னா நிக்கிற மாதிரி ஒரு வேலை குடுத்தா தொடர்ந்து வருவாங்க.

வெளியே நிக்கிறவங்க

இப்போ கஷ்டமான பகுதி. இந்தச் சங்கத்துக்குள்ள யார் இல்ல?

முதல்ல, பென்ஷன் இல்லாதவங்க. எங்க பக்கம் தறி ஓட்டினவங்க, மரவள்ளிக்கிழங்கு போட்டவங்க, ஜவ்வரிசி ஆலையில வேலை பார்த்தவங்க, லாரி ஓட்டினவங்க. இவங்களுக்கு ரிட்டயர்மென்ட் தேதின்னு ஒண்ணு கிடையாது. உடம்பு முடியாமப் போற நாள்தான் ஓய்வு நாள். 2023-ல மாசம் 1,200 ரூபாயா உயர்ந்த முதியோர் உதவித்தொகை வாங்குறவங்க பென்ஷனர் சங்கத்துக்குள்ள எப்படி வருவாங்க? இந்த இடத்துலதான் கேம்பிரிட்ஜ் முறை உதவும். அங்க கேட்குற கேள்வி "எவ்வளவு பென்ஷன்?" கிடையாது. "உங்களுக்கு என்ன தெரியும்?"

யோசிச்சுப் பாருங்க. ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் பட்டா, சிட்டா, அடங்கல் படிக்கச் சொல்லிக் குடுக்கலாம். ஓய்வு பெற்ற நர்ஸ் சுகர் மாத்திரை எப்போ சாப்பிடணும்னு சொல்லலாம். பேங்க்ல இருந்தவர் நாமினி ஏன் முக்கியம்னு பேசலாம். பட்டுப்புழு வளர்த்தவர், எங்க ஊர் பட்டுக்கூடு ஏலத்துல நல்ல கூட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு காட்டலாம். தலைமை ஆசிரியர் அங்க மாணவரா உட்காரணும். அது எங்க அப்பா மாதிரி ஆட்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான், ஆனா நல்லது.

ரெண்டாவது, பெண்கள். எங்க அம்மா கேட்டாங்க: "உங்கப்பாவுக்கு ரிட்டயர்மென்ட் ஆச்சு. எனக்கு எப்போ?" சங்கக் கூட்டம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு. அந்த நேரத்துலதான் பேரப்பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வருவாங்க, அடுப்புல பால் இருக்கும். காலை பதினோரு மணின்னா வர முடியும். ஆனா நேரத்தை முடிவு பண்றது ஆம்பளைங்க.

பெண்கள் கூட்டத்துக்கு வரமாட்டாங்கன்னு யாராவது சொன்னா, பக்கத்துத் தர்மபுரியைக் காட்டுங்க. 1989-ல அங்க ஆரம்பிச்ச மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாடு முழுக்கப் பரவுச்சு. காரணம் ரொம்ப எளிமை: பக்கத்துத் தெருவுல கூட்டம், அவங்களுக்கு வசதியான நேரம், ஒவ்வொருத்தருக்கும் ஒரு பொறுப்பு, கையில ஒரு கணக்கு நோட்டு. மறுபடியும் நோட்டுதான் பாருங்க. எங்க அம்மா இன்னும் எந்தக் கிளப்லயும் சேரல. அது இன்னும் முடியாத வேலை.

காது, கண், படிக்கட்டு

"அப்பாவுக்கு யார்கூடவும் பழகப் பிடிக்கல"ன்னு சொல்றதுக்கு முன்னாடி காதைச் சோதிங்க. நாலு பேர் ஒரே நேரத்துல பேசுற இடத்துல காது சரியாக் கேக்கலன்னா, தப்பா பதில் சொல்லிடுவோமோன்னு கூச்சம் வரும். கூச்சத்துல வீட்டுலயே இருந்துடுவாங்க. லான்செட் மருத்துவ இதழோட நிபுணர் குழு 2024-ல, நாம முயற்சி பண்ணா குறைக்கக்கூடிய 14 மறதிநோய்க் காரணங்களைப் பட்டியல் போட்டுச்சு. அதுல காது மந்தமும் இருக்கு, கவனிக்காம விட்ட பார்வைக் குறைவும் இருக்கு, யாரோடயும் பழகாம ஒதுங்கி இருக்குறதும் இருக்கு. மூணும் ஒண்ணை ஒண்ணு இழுத்துட்டு வரும்.

அதே மாதிரி இடம். மாடியில கூட்டம், கைப்பிடி இல்லாத படி, பாத்ரூம் இல்லாத ஹால்னா பாதிப்பேர் வரமாட்டாங்க. காரணத்தை வெளியே சொல்லவும் மாட்டாங்க.

நாம என்ன பண்ணலாம்?

ஒண்ணு, ரிட்டயர் ஆறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே பேச்சை ஆரம்பிங்க. வீட்டுலயே இருந்து பழகிட்டா வெளியே கிளம்புறது கஷ்டம்.

ரெண்டு, "பொழுது போகும்"னு சொல்லாதீங்க. சங்கத்துலயோ வாசகர் வட்டத்துலயோ தெரிஞ்சவங்க இருந்தா, அவங்ககிட்ட உங்க அப்பா அம்மாவுக்குத் தெரிஞ்ச விஷயத்தைச் சொல்லி, அவங்களையே வந்து உதவி கேட்கச் சொல்லுங்க. பிள்ளை சொன்னா அது புத்திமதி, அடுத்தவங்க கேட்டா அது மரியாதை.

மூணு, சங்கம் பிடிக்கலன்னா நூலகம். 1948-லயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்மளது. வீட்டு வரியோட நூலக வரியும் கட்டிட்டுத்தான் இருக்கோம். கிளை நூலகத்துல வாசகர் வட்டம் நடக்குதான்னு கேளுங்க. நடக்கலன்னா நாலு பேர் சேர்ந்து நூலகர்கிட்ட பேசலாம். பிற்பாடு பதிவு பண்ணி ஒரு சங்கமா நடத்தணும்னா, 1975-ஆம் வருஷச் சட்டப்படி குறைஞ்சது ஏழு பேர் வேணும். அவ்வளவுதான்.

நாலு, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு மணி நேரம் நீங்க வகுப்பு எடுங்க. விரல் ரேகை தேஞ்சவங்க முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண் வாழ்நாள் சான்று எடுக்கலாம்னு போன்ல செஞ்சு காட்டுங்க. "டிஜிட்டல் அரெஸ்ட்"னு எந்தச் சட்டத்துலயும் ஒண்ணு கிடையாது, பணம் போயிட்டா உடனே 1930-க்கு போன் பண்ணணும்னு சொல்லுங்க. அதை முடிச்சிட்டு எழுந்து கிளம்பிடாதீங்க. அங்க இருக்குறவங்க உங்களுக்கு ஒண்ணு சொல்லிக் குடுக்கட்டும். பட்டா படிக்கத் தெரியுமா உங்களுக்கு? எனக்குத் தெரியாது. தீபாவளி லீவுல கத்துக்கலாம்னு இருக்கேன், ஃபீஸ் ஒரு டீயாம்.

உங்க ஊர்ல இந்த மாதிரி இடம் இருந்தா, எத்தனை மணிக்குக் கூடுறாங்க, பெண்கள் வர்றாங்களான்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.