கெர்னலும் அதன் வெளிக்கூறுகளும்

கிள்ளானில் ஒரு வாசகசாலை. அங்கே லினக்ஸில் இயங்கும் ஒரு பழைய கணினி எனக் கொள்வோம். இரவில் இயங்குதளம் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. காலையில் எல்லாம் வழக்கம்போல் இயங்குகின்றன. வைஃபை மட்டும் இல்லை. கருவி பழுதாகவில்லை. நேற்றுவரை அதனை இயக்கிய நிரல் இன்றைய கெர்னலோடு பொருந்தவில்லை. இப்பொருந்தாமை ஏன் நேர்கிறது, அதனைத் தவிர்ப்பது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸின் மையம் கெர்னல். வன்பொருளுக்கும் பயன்பாட்டு நிரல்களுக்கும் இடையே நின்று இரண்டையும் ஆள்வது அது. வேண்டியபோது அதனுடன் சேர்த்துக்கொள்ளும் பகுதியை மாட்யூல் என்பர். கெர்னலின் பொது மூலநிரலுக்குள் வளர்வன உட்கூறுகள். வெளியே தனித்து வளர்வன வெளிக்கூறுகள்.

ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய கெர்னல் வெளிவருகிறது. பயன்பாட்டு நிரல்களோடு அது பேசும் முறை மாறாமல் காக்கப்படுகிறது. உள்ளமைப்புக்கு அத்தகைய உறுதி இல்லை. உள்ளே ஒன்றை மாற்றுபவர், அதனைச் சார்ந்த உட்கூறுகளையும் உடன் திருத்திவிடுகிறார். வெளிக்கூறுகளைத் திருத்தும் பொறுப்பு அவருடையதன்று. எடுத்துக்காட்டாக, ‘கிளாஸ் கிரியேட்’ என்னும் செயற்கூறு 6.3 பதிப்புவரை இரண்டு உள்ளீடுகளை ஏற்றது. 2023இல் வந்த 6.4 பதிப்பில் அது ஒன்றாயிற்று. பழைய முறையில் எழுதப்பட்ட வெளிக்கூறுகளைப் புதிய கெர்னலுக்குத் தொகுக்க இயலாமற்போயிற்று.

இதற்கான வழிகளுள் முதலாவது, முதன்மை நிரலைப் புதிய கெர்னலுக்கே எழுதி, பழைய பதிப்புகளுக்கான மாற்றங்களைத் தனிக்கோப்பில் ஒதுக்குவது. நிரலெங்கும் ‘இப்பதிப்பாயின் இவ்வாறு’ என நிபந்தனைகளைத் தூவினால், சில ஆண்டுகளில் எழுதியவருக்கே அது புரியாது.

இரண்டாவது, பதிப்பெண்ணை மட்டும் நம்பாதிருப்பது. ரெட்ஹேட் 8இன் கெர்னல் 4.18 என்று எண்ணிடப்பட்டிருப்பினும், பிந்தைய பதிப்புகளின் மாற்றங்கள் பல அதில் சேர்க்கப்பட்டுள்ளன. ஆகவே ஒரு வசதி உண்டா என்பதைச் சிறு சோதனை நிரலைத் தொகுத்துப் பார்த்தே அறிதல் நன்று. ஓப்பன் இசட்.எஃப்.எஸ். திட்டம் இம்முறையையே கையாள்கிறது.

மூன்றாவது, டி.கே.எம்.எஸ். என்னும் கருவி. கெர்னல் மாறுந்தோறும் அது வெளிக்கூற்றைத் தானே மீண்டும் தொகுக்கும். ஆயினும், தொகுக்குமேயன்றித் திருத்தாது.

நிலையான தீர்வு, வெளிக்கூறு உட்கூறாவதே. வயர்கார்டு என்னும் மறையாக்க வலையமைப்பு மாட்யூல் வெளியே இருந்தவரை, 3.10 முதல் 5.5 வரையிலான கெர்னல்களுக்கு இசைவுக்கோப்புகளைச் சுமந்தது. 2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்பில் அது கெர்னலுக்குள்ளேயே இடம்பெற்றது. எல்லார்க்கும் இவ்வழி திறந்திருப்பதில்லை, இசட்.எஃப்.எஸ். கோப்பமைப்பு உரிமமுறை வேறுபாட்டால் இன்றும் வெளியே நிற்கிறது.

தமிழ்க் கணிமைக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல் கெர்னல் மாட்யூல் அன்று. ஆயினும் அதுவும் இயங்குதளத்துக்கு வெளியிலிருந்து சேர்க்கப்பட்டதே. பின்னர் அஞ்சல் விசைமுறையும் இணைமதி எழுத்துருவும் ஆப்பிளின் மேக் இயங்குதளத்திலேயே இடம்பெற்றன. வெளியே இருக்கும் தமிழ் மென்பொருளை ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் எவரேனும் காத்தாக வேண்டும். காப்பவர் ஓய்ந்தால் மென்பொருளும் ஓயும். எனவே புதியன படைப்போரைப் பாராட்டும் நாம், பழையன பழுதுறாமல் பேணுவோரையும் உருவாக்குதல் வேண்டும்.