படிக்கும்போதே தொழில்: கடனுக்கு முன் எழும் கேள்விகள்

"மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். தோழியுடன் சேர்ந்து தொழில் தொடங்கப்போவதாகச் சொல்கிறாள். வங்கிக் கடன் கிடைக்குமா?" வங்கிக் கிளைகளில் பெற்றோர் இவ்வாறு கேட்பது இப்போது புதிதன்று. கடன் கிடைக்குமா என்பதற்கு விடை சொல்வது எளிது. அதற்கு முன் கேட்கப்பட வேண்டிய வேறு சில கேள்விகளே கடினமானவை.

முதலாவது வயது. 18 வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வகுத்த விதி. அத்தகையவர் எழுதிக்கொடுத்த கடன் பத்திரம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று பிரிவி கவுன்சில் 1903இல் தீர்ப்பளித்தது. அதனால்தான் சிறுவர்களுக்குச் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தரும் வங்கி, அவர்களுக்குக் கடன் தருவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் நடத்தும் தொழிலுக்கு வாங்கும் கடனைச் சட்டத்தின் முன் ஏற்றுநிற்பவர் பெரும்பாலும் அவருடைய தந்தையோ தாயோதான். பெற்றோர் இதை அறிந்தே கையெழுத்திட வேண்டும்.

கல்லூரி மாணவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அவர்கள் இடறும் இடம் கூட்டாண்மை. மாணவத் தொழில்கள் பெரும்பாலும் இருவர் மூவராகத் தொடங்குபவை. மருத்துவர்களையும் நோயாளிகளையும் இணைக்கும் பிராக்டோ நிறுவனத்தை 2008இல் தொடங்கிய சஷாங்கும் அபினவ் லாலும் அப்போது சூரத்கல் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர்கள். நட்பு தொழிலுக்கு நல்ல அடித்தளமே. ஆனால் நண்பர்கள் எதையும் எழுதிவைக்காதபோது அந்த வெற்றிடத்தைச் சட்டம் தன் விதிகளால் நிரப்பிவிடுகிறது. அவ்விதிகள் பலருக்குத் தெரிவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. கல்லூரி விழாவுக்கு 200 அச்சிட்ட டி-ஷர்ட்டுகள் தர இரு தோழியர் ஒப்புக்கொள்கிறார்கள் என்று கொள்வோம். துணி வணிகரிடம் ரூ.30,000க்குச் சரக்கைக் கடனாக எடுக்கிறார்கள். அச்சுக்கூலி ரூ.10,000ஐ ஒருத்தி தன் கையிலிருந்து கொடுக்கிறாள். ஒன்று ரூ.260 வீதம் விற்றால் ரூ.52,000 வரும், ஆதாயம் ரூ.12,000. இதைப் பங்கிடுவது எப்படி? பணம் போட்டவள் தனக்குக் கூடுதல் பங்கு உண்டு என்று நினைப்பாள். இரவெல்லாம் விழித்து வேலை பார்த்த மற்றவளும் அப்படியே நினைப்பாள். வேறு உடன்பாடு இல்லாதபோது ஆதாயமும் நட்டமும் சம பங்கு என்றும், உழைத்ததற்குத் தனி ஊதியம் கிடையாது என்றும் 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் சொல்கிறது. இருவருக்குமே அது உவப்பாக இராது.

நிறம் தவறிப்போய்ச் சரக்கு நிராகரிக்கப்பட்டால் நிலைமை இன்னும் கடினம். துணி வணிகர் தம் ரூ.30,000 முழுவதையும் இருவரில் எவரிடமும் கேட்கலாம். 'என் பங்கு பதினைந்தாயிரம்தான்' என்று வணிகரிடம் வாதாட முடியாது. கூட்டாளி ஒவ்வொருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாளி. இதற்கு எழுத்து வடிவில் பத்திரம் இருக்கவேண்டும் என்பதில்லை. ஆதாயத்தைப் பகிரும் எண்ணத்துடன் சேர்ந்து தொழில் நடத்தினாலே போதும். பதிவு செய்யாத கூட்டாண்மைக்கு இன்னொரு குறையும் உண்டு. பணம் தராத வாடிக்கையாளர்மீது அது வழக்குத் தொடர இயலாது. ஆனால் பிறர் அதன்மீது வழக்குத் தொடரலாம்.

ஆகவே முதல் கொள்முதலுக்கு முன் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுவது நட்பை ஐயுறுவதாகாது. யார் எவ்வளவு முதல் போட்டார், பங்கு என்ன, ஒருவர் வேலை கிடைத்து விலகினால் கணக்கு எப்படித் தீர்க்கப்படும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். இறுதியாண்டில் வளாக நேர்காணல் வரும்போது மூன்றாவது கேள்வி கட்டாயம் எழும். பின்னர் முறையான பத்திரமாக்கிப் பதிவு செய்துகொள்ளலாம். வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையாகப் பதிந்தால் சொந்தச் சொத்துக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் வணிகமே நடவாத ஆண்டிலும் அறிக்கை தாக்கல் செய்தாக வேண்டும். இருநூறு சட்டை விற்பவருக்கு அது சுமைதான்.

அடுத்தது கணக்கு. வீட்டிலிருந்து வரும் விடுதிச் செலவுப் பணமும் விற்பனைப் பணமும் ஒரே சேமிப்புக் கணக்கில் கலந்தால், ஆதாயமா நட்டமா என்பது உரியவருக்கே விளங்காது. தொழிலுக்கு நடப்புக் கணக்கே உரியது. அதற்குத் தொழில் நடைபெறுவதற்கான சான்று தேவை. உத்யம் பதிவுச் சான்றிதழ் அவற்றுள் ஒன்று. அரசு இணையதளத்தில் அப்பதிவு முற்றிலும் இலவசம். கட்டணம் கேட்கும் தளங்கள் அரசுக்கு உரியவையல்ல. சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்பவர்கள், விற்றுமுதல் சிறிதாயினும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க.

இனி கடன். 2015இல் தொடங்கிய பிரதமரின் முத்ரா திட்டத்தில் சிசு என்னும் பிரிவின்கீழ் ரூ.50,000 வரை சொத்துப் பிணையின்றிப் பெறலாம். மாணவர் என்பது தடையன்று. எனினும் முதல் விற்பனை நடப்பதற்கு முன்பே கடன் வாங்குவதை வங்கியின் இதழில் எழுதும் நாங்களே பரிந்துரைக்கமாட்டோம். வாடகையோ குடும்பப் பொறுப்போ இல்லாமல், சிறு இழப்புடன் ஒரு முயற்சியைச் சோதித்துப் பார்க்க முடிவதுதான் மாணவருக்கு இருக்கும் பெரிய வசதி. முன்கூட்டி வாங்கிய கடன் அந்த வசதியைப் பறித்துவிடும். பத்து வாடிக்கையாளர் பணம் கொடுத்து வாங்கிய பின், பதினொன்றாவது ஆணையை நிறைவேற்ற முதல் போதவில்லை என்று வருபவரிடம் வங்கி அலுவலருக்கும் பேச நிறைய இருக்கும்.

கல்விக் கடன் பெற்றவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கல்விக் கட்டணத்துக்காகப் பெற்ற தொகையைத் தொழிலில் இடுவது கடன் நிபந்தனையை மீறுவதாகும். மேலும் இரு கடன்களும் ஒரே கடன் அறிக்கையில்தான் பதிவாகின்றன. கல்விக் கடனில் பெற்றோர் இணைக் கடனாளியாதலால், தவணை தவறினால் அவர்களுடைய அறிக்கையிலும் அது ஏறும்.

தொழிலுக்காகப் படிப்பைச் சிறிது காலம் நிறுத்திவைக்க விரும்புவோருக்கு வழி இல்லாமலில்லை. உயர்கல்வி நிறுவனங்களுக்காக 2019இல் வகுக்கப்பட்ட தேசியப் புத்தாக்க, தொழில்தொடக்கக் கொள்கை, ஒரு பருவமோ ஓராண்டோ இடைவெளி எடுத்துத் திரும்பிவந்து படிக்கவும், அனுமதி பெற்றால் வருகைப்பதிவு குறைந்தாலும் தேர்வெழுதவும் இடமளிக்குமாறு பரிந்துரைக்கிறது. ஏற்பது கல்லூரியின் முடிவு. ஆகவே அனுமதியை எழுத்தில் பெறுக. அதன் நகலை வங்கிக் கிளைக்கும் தருக. கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்தத் தொடங்கும் நாள் படிப்பு முடியும் நாளைக் கொண்டு கணக்கிடப்படுவதால், தெரிவிக்காத இடைவெளி வீண் சிக்கலைத் தரும். பட்டம் பெற்றபின் தொழில் தொடங்குவோருக்கு அத்தொழில் வேரூன்றும் காலத்துக்குத் தவணை விடுப்பு அளிக்க இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் இடமுண்டு. அதை அளிப்பது வங்கியின் பரிசீலனைக்கு உட்பட்டது. விடுப்புக் காலத்திலும் வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். எனவே முதல் தவணை நாள் வருவதற்குச் சில மாதங்கள் முன்பே கிளையை அணுகி விண்ணப்பிப்பது நன்று.