மலைச் சரிவில் ஒரு வீட்டுத் தோட்டம்
வழியை முதலில் வெட்டுங்கள், கன்றைப் பிறகு நடுங்கள்

பதுளைச் சந்தைக்குப் போன பெண்கள் ஒரு ரோசாக் கன்றோ, ஒரு கறிவேப்பிலைக் கன்றோ இல்லாமல் வீடு திரும்புவது அபூர்வம். கொண்டு வந்ததை வாசலில் காலியாகத் தெரிந்த இடத்தில் நட்டு விடுகிறோம். வழியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பீலிக்கும் அடுப்படிக்கும் கோழிக்கூட்டுக்கும் நடந்து நடந்து, புல் செத்துப்போன இடம் வழியாகிவிடுகிறது. சமவெளியில் இருப்பவர்களுக்கு இது போதும். பதுளை, ஹாலிஎல, பசறை, பண்டாரவளை, வெலிமடை, ஹப்புத்தளைப் பக்கத்து மேடுகளில் குடியிருக்கும் நமக்கு இது போதாது, சகோதரிகளே!

ஏன் என்று கேட்பீர்கள். அவசரத்தில் நடக்கிற கால் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராகத்தான் இறங்கும். அந்தத் தடத்தில் மண் இறுகிப் போவதால் பெய்கிற மழை உள்ளே இறங்காது. அதே தடத்தில் ஓடும். ஓடும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். இரண்டு மூன்று மாரி போனால் வழி, பள்ளமாகிவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் போட்ட மாட்டெருவும் கோழி எருவும் கீழ் வீட்டுக்காரரின் முற்றத்தில் கிடக்கும். அவர் சும்மா இருந்தாலும் அவருடைய சுவர் சும்மா இராது.

திருக்குர்ஆனின் சூரத்துல் பகராவில் 264, 265ஆம் வசனங்களை எடுத்துப் பாருங்கள். முதலாவதில், சொல்லிக்காட்டிச் செய்யும் தர்மத்துக்கு உவமையாக ஒரு வழுக்குப் பாறை வருகிறது. அதன் மேல் கொஞ்சம் மண். பெருமழை விழுந்ததும் பாறை வெறுமையாகி விடுகிறது. அடுத்த வசனத்தில், அல்லாஹ்வின் பொருத்தத்தை நாடிக் கொடுப்பவர்களுக்கு உவமை, மேட்டு நிலத்துத் தோட்டம். அதே பெருமழை விழ, அது இரு மடங்காகப் பலன் தருகிறது. பெருமழை இல்லாவிட்டால் தூறலே அதற்குப் போதும். வசனங்களின் கருத்து தர்மத்தைப் பற்றியது. ஆனால் மழையில் பாறை தெரியும் ஊவாவின் தேயிலை மலைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு உவமைகளும் கண்முன்னே நிற்கும். இரண்டிலும் மழை ஒன்றுதான். நிலத்தின் மண் மேலே தங்கியதா, இல்லையா என்பதே வித்தியாசம்.

ஆங்கிலப் பத்திரிகைப் படங்களில் குடிசைத் தோட்டம் என்று ஒன்றைக் காட்டுவார்கள். வளைந்து போகும் கல்பாதை, இருபுறமும் தலையாட்டும் பூக்கள். நம் பக்கத்தில் அதைப் பார்க்க வேண்டுமானால் ஹப்புத்தளைக்குப் போகலாம். தாமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் கட்டி, பிற்காலத்தில் கிறிஸ்தவ மடமாகிய அதிசம் பங்களாவின் தோட்டம் அந்தச் சாயலில் அமைந்தது. ஆனால் இங்கிலாந்தில் அந்தத் தோட்டம் பங்களாவில் பிறந்ததல்ல. கூலி வேலை செய்த ஏழைக் குடும்பங்கள், வாசலோரத்துச் சிறு துண்டு நிலத்தில் கீரையும் கிழங்கும் மருந்துச் செடியும் இரண்டு பூவும் கலந்து நட்டதுதான் அதன் ஆரம்பம். பணக்காரர்கள் பின்னால் பார்த்து ஆசைப்பட்டார்கள். அப்படிப் பார்த்தால் லயத்து வாசலில் கொச்சிக்காயும் வல்லாரையும் செவ்வந்தியும் நட்டு வைத்திருக்கும் நம் பெண்கள் அந்தக் கலையின் நேர் வாரிசுகள்!

நிலம் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கணக்குப் பார்ப்போம். தோட்டப்புறத்துப் புதிய வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் என்று கொடுத்து வந்தார்கள். பின்னர் வந்த இந்திய உதவித் திட்டத்தில் அது 10 பேர்ச் ஆனது. ஒரு பேர்ச் என்பது ஏறக்குறைய 272 சதுர அடி. ஆக 7 பேர்ச் நிலம் சுமார் 1,900 சதுர அடி. வீட்டுக்கு 550 போனால் மீதி 1,350. அறுபதடி நீளத்துக்கு மூன்றடி அகலத்தில் வழி விட்டால் 180 சதுர அடி போய்விடுகிறது. 'இவ்வளவையும் வழிக்கா கொடுப்பது?' என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். கொடுக்கத்தான் வேண்டும். தண்ணீர் வாளியோடும், இடுப்பில் பிள்ளையோடும், எருச் சாக்கோடும் போகிறவர் நீங்கள்தானே? ஒன்றரை அடி வழியில் வாளி தளம்பும், பாவாடை செடியில் மாட்டும். பிரதான வழிக்கு மூன்றடி. பாத்திகளுக்கிடையே குனிந்து வேலை செய்ய ஒன்றரை, இரண்டடி போதும். சரிவில் பாத்திக்கு ஒரு பக்கமிருந்துதான் கை எட்டும். அதனால் பாத்தி அகலம் இரண்டரை அடிக்கு மேல் வேண்டாம்.

இனி, வழியை எங்கே போடுவது? மேட்டுக்குக் குறுக்காக, வளைந்து வளைந்து இறங்கும்படி போட வேண்டும். குறுக்காகப் போகிற வழிக்கு மட்டம் பார்க்க விலை கொடுத்துக் கருவி வாங்கத் தேவையில்லை. ஆறடிக் கம்புகள் இரண்டின் தலைகளைச் சேர்த்துக் கட்டி, கால்களை மூன்றரை அடிக்கு விரித்து, நடுவில் குறுக்காக ஒரு கம்பைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டு, நுனியில் ஒரு கல். நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். பிறகு கால்கள் நின்ற அதே இடங்களில் கம்புகளை மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுப் புள்ளிதான் மட்டம். சரிவில் ஒரு காலை ஊன்றி, மறு காலை மேலும் கீழும் நகர்த்தி, நூல் அந்தப் புள்ளிக்கு வரும்போது அங்கே ஒரு முளை அடியுங்கள். இப்படியே நடந்து போனால் மலையின் மட்டக் கோடு தானாக வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் விளையாட்டுப் போல முடித்துவிடுவார்கள்.

அந்தக் கோட்டையொட்டி வழி. வழியின் மேட்டுப் பக்கத்தில் ஒரு கான். வழியின் முகம் கானைப் பார்த்துச் சற்றே சாய்ந்திருக்கட்டும். கானுக்கு நூறடிக்கு ஓரடி இறக்கம் போதும்; அதற்கு மேல் இறக்கினால் நீர் வேகமெடுத்து கானையே அரித்துவிடும். கானுக்குள் ஐந்தாறு அடிக்கு ஒரு குறுக்குத் தடுப்பை விட்டால் வண்டல் அங்கே தங்கும், தெளிந்த நீர் மேலால் போகும். இது புதுச் சங்கதி அல்ல. தேயிலை மலைகளில் நம் பாட்டன்மார் கூலிக்கு வெட்டிய கான்கள் இதே விதமாகத்தான் இருந்தன. உங்கள் பக்கத்தில் கான் வெட்டிப் பழகிய பெரியவர் ஒருவர் இருந்தால், கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கொடுத்துக் கேளுங்கள். புத்தகத்தில் இல்லாததெல்லாம் வரும்.

நேராக இறங்கியே ஆக வேண்டிய இடத்தில் படி கட்டுங்கள். படியின் உயரம் ஆறு அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். கால் வைக்கும் அகலம் ஓரடிக்குக் குறைய வேண்டாம். ஒவ்வொரு படியும் பக்கத்துக் கானுக்குள் நீரைத் தள்ளும்படி சாய்ந்திருக்கட்டும். சுபஹுக்கு முன் இருட்டில் உளூச் செய்யப் பீலிக்கு இறங்கும் உம்மம்மாவை நினைத்துக்கொண்டு கட்டினால் அளவு தவறாது. படியோரமாக நட்ட கிளிரிசிடியாக் கம்புகள் வேர் பிடித்தால் அவையே பிடிமானம். வழியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது தர்மம் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தது. பாசி பிடித்து வழுக்கும் படியைத் தேய்த்து விடுவதும் அதில் சேர்ந்ததுதானே?

வழியும் கானும் முடிந்த பிறகுதான் செடி. கானின் கீழ் விளிம்பில் வெட்டிவேரையோ எலுமிச்சைப்புல்லையோ நெருக்கமாக நடுங்கள். கொஞ்ச நாளில் அந்த வரிசை மண்ணைத் தடுத்து, பின்னால் தானே படிக்கட்டு போல மட்டமாகும். பதுளை, பசறை உயரத்தில் வேலிக்குக் கிளிரிசிடியா நன்று. காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் சேர்க்கும், தழை ஆட்டுக்கும் ஆகும், பாத்திக்கு மூடாக்காகவும் ஆகும். ஹப்புத்தளை உயரத்துக் குளிரில் அது அவ்வளவாகத் தழைக்காது. அங்கே தேயிலை மலைகளில் மண்ணைத் தேற்ற நடும் மானாப்புல்லும் குவாத்தமாலாப் புல்லும் கைகொடுக்கும். அடுப்படி வாசலோரம் ரம்பை, கறிவேப்பிலை, புதினா, வல்லாரை. உளூச் செய்த நீர் போகும் வாய்க்காலை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் வறட்சியிலும் அவை வாடா. நடுப் பாத்திகளில் போஞ்சி, கத்தரி, கொச்சிக்காய். கீழ் ஓரத்தில் வாழை, பிபிலைத் தோடை. பட்டர்புரூட் நட ஆசையிருந்தால், நீர் தேங்காத இடமாகப் பாருங்கள். அதன் வேர் அழுகினால் மரம் தேறாது. ரோசாவை எங்கே வைப்பது என்பதை உங்கள் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறேன்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையிலும் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் போயின. வீட்டுத் தோட்டத்துக் கானும் புல்லும் மேல் மண்ணைத்தான் காக்கும். ஆழத்தில் நகரும் மலையை அவை நிறுத்த மாட்டா. நிலத்தில் புதிதாக வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், திடீரெனத் தோன்றும் ஊற்று, இருந்த ஊற்று கலங்குவது அல்லது நின்றுபோவது, காரணமில்லாமல் இறுகும் கதவு – இவற்றைக் கண்டால் தோட்ட வேலையை விட்டுவிட்டுக் கிராம சேவகருக்கு அறிவியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். மழை நேரமாயின் முதலில் இடத்தை விட்டு வெளியேறுங்கள். அப்படிப்பட்ட நிலத்தில் நீரைத் தேக்கும் குழியோ, தடுப்பு வைத்த கானோ வெட்டவே கூடாது; உள்ளே இறங்கும் நீர்தான் அங்கே எதிரி. இடம் போதவில்லை என்று வீட்டின் பின்மேட்டைச் செங்குத்தாக வெட்டிப் பாத்தி எடுப்பதும் எந்த நிலத்திலும் வேண்டாம்.

கான் முடிகிற இடமும் கவனிக்க வேண்டியது. உங்கள் எல்லையில் நீரை அப்படியே விட்டால் அது கீழ் வீட்டின் மேல்தான் விழும். அண்டை வீட்டாருக்கு வாரிசுரிமையும் வந்துவிடுமோ என்று எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்தியதாக நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். அந்த வீட்டார் முஸ்லிமா, இந்துவா, பௌத்தரா என்ற பேச்சே இதில் இல்லை. வெட்டுவதற்கு முன் கீழ் வீட்டாரையும் மேல் வீட்டாரையும் கூட்டி வைத்துப் பேசி, மூன்று வீட்டுக் கானும் ஒரே ஓடையில் போய்ச் சேரும்படி செய்யுங்கள். கல் பரப்பிய ஓடையாக இருந்தால் நல்லது. செலவும் மூன்றாகப் பிரியும்.

எப்போது தொடங்குவது? ஊவாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று. தேயிலைக்கு வாசம் ஏறுகிற அந்த மாதங்களில் செடிக்குத் தாகம். மட்டம் பார்க்கவும், கான் வெட்டவும், கல் பரப்பவும் அதுதான் காலம். அக்டோபரில் முதல் மழை பிடித்ததும் குடையோடு வெளியே போய் நில்லுங்கள். நீர் எங்கே கானை விட்டுத் தாவுகிறது, எந்தப் படியில் தேங்குகிறது என்று பார்த்து, அங்கங்கே ஒரு குச்சியை ஊன்றுங்கள். மழை விட்டதும் அந்த இடங்களைத் திருத்திய பிறகு கன்றுகளை நடலாம். டிசம்பர், ஜனவரி மழைகளுக்கு நடுவே வெயில் கண்ட நாட்களில் கானின் தடுப்புகளில் சேர்ந்த வண்டலை அள்ளி, மேல் பாத்தியிலேயே போட்டுவிடுங்கள். எருவெல்லாம் அதில்தான் இருக்கிறது.