கண்ணாடிப் பூச்சு உரிந்த கதை

எஸ்டிபிஎம் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில், கிள்ளானில் தரைப்பூச்சுக் குத்தகை எடுத்துச் செய்யும் என் மாமாவோடு வேலைக்குப் போனேன். கைச்செலவுக்குக் காசு கிடைக்கும் என்பதுதான் நோக்கம். வேதியியல் பாடத்துக்கும் அந்த வேலைக்கும் தொடர்பு இருக்கும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

அந்த வாரம் ஒரு மாடி வீட்டின் கார் நிறுத்தும் போர்ச்சுக்குச் சாம்பல் நிற எபோக்சி அடித்து, மேலே நிறமற்ற பூச்சு ஒன்று போட வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம்.

எபோக்சி அடித்தாயிற்று, பளபளவென்று இருக்கிறது, அதன்மேல் இன்னொரு பூச்சு எதற்கு? முதல் நாளே மாமாவிடம் கேட்டேன். எங்கள் வீட்டுப் போர்ச்சைப் போய்ப் பார்க்கச் சொன்னார். கூரை நிழல் விழும் பகுதி சாம்பலாகவே இருந்தது. மாலை வெயில் படும் ஓரம் மட்டும் மஞ்சளடித்து, தேய்த்தால் கையில் மாவு போல ஒட்டியது. வழக்கமான எபோக்சி பிஸ்பீனால் ஏ என்ற பொருளிலிருந்து வருவது. அதில் உள்ள பென்சீன் வளையங்கள் புற ஊதாக் கதிரை உறிஞ்சிச் சிதைகின்றன. அலிஃபாட்டிக் பாலியூரிதேனில் அந்த வளையங்கள் இல்லை. அதனால் வெயிலைத் தாங்குகிறது, கீறலையும் தாங்குகிறது. ஆனால் அது நிறமற்றது, ஒளி ஊடுருவும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சேர்மானம் அதில் இல்லையென்றால், மேல்பூச்சு நன்றாக இருக்கும்போதே கீழே எபோக்சி மஞ்சளாகிவிடும். வாங்கும்போது பலர் கவனிக்காதது இது.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் எபோக்சி அடித்தோம். அன்றிரவு நல்ல மழை. மறுநாள் காலை மாமா வேறோர் இடத்துக்குப் புறப்படும்போது, "வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி, பச்சை நாரால தேய்ச்சுக் கழுவி, காய வைடா. மதியம் வந்து மேல்பூச்சு போடுறேன்" என்றார்.

தரை சுத்தமாகத்தான் தெரிந்தது. தொட்டால் கொஞ்சம் வழவழப்பு, அவ்வளவுதான். காய்ந்த தரையை மறுபடி நனைப்பானேன் என்று துணியில் தின்னரைத் தொட்டு ஒரு முறை துடைத்துவிட்டுக் கைப்பேசியோடு உட்கார்ந்துவிட்டேன். மதியம் மாமா, "கழுவிட்டியா?" என்று கேட்டார். "கழுவிட்டேன் மாமா" என்றேன்.

அந்த வழவழப்பை இந்தத் தொழிலில் அமீன் படலம் என்கிறார்கள். எபோக்சியை இறுக்கும் ஹார்டனரில் இருப்பது அமீன். எஸ்டிபிஎம் கரிம வேதியியலில் மனப்பாடம் செய்த அதே அமீன்தான். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால், இன்னும் வினைபுரியாத அமீன் மேலே வந்து, ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து கார்பமேட் உப்பாகிறது. மெழுகு தடவியது போன்ற மெல்லிய படலம். வேடிக்கை என்னவென்றால், அது தண்ணீரில் கரையும். தின்னரில் துடைத்தால் சரியாகப் போகாது. மணல்தாளால் தேய்த்தால் இன்னும் பரவிவிடும். நான் செய்தது அதைத் தரை முழுக்க இழுத்துப் பூசியதுதான்.

நம் நாட்டில் இந்தப் படலத்துக்குப் பஞ்சமே இல்லை. தரையின் வெப்பம் பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகை கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பூச்சு வேலையில் பொது விதி. காற்று 30 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 85 விழுக்காடு என்றால் பனிநிலை ஏறக்குறைய 27. அப்படியானால் தரை 30 பாகைக்குக் குறையக்கூடாது. மழை பெய்த இரவுக்கு மறுநாள் காலையில் சிமெண்டுத் தரை அவ்வளவு சூடாக எங்கே இருக்கிறது? நண்பகலில் கணக்குச் சரிவரும். ஆனால் சூடேறிக்கொண்டிருக்கும் தரையிலிருந்து காற்று வெளியேறிப் பூச்சில் குமிழி போடும். அதனால் மாமா வெயில் தணியத் தொடங்கும் நேரம் வரை காத்திருப்பார். அதே நேரத்தில்தான் கிள்ளானில் மழையும் வரும்.

சனிக்கிழமை ஓரத்தில் ஒட்டியிருந்த நாடாவை உரித்தேன். நாடாவோடு மேல்பூச்சும் வந்தது. காய்ச்சிய பாலின் ஆடை போல, உள்ளங்கை அகலத்துக்கு. மாமா தன் விரல் நகத்தால் நடுவில் கீறிப் பார்த்தார். அங்கும் உரிந்தது. எபோக்சி அடித்து 24 மணி நேரத்துக்குள் மேல்பூச்சு போட்டால் இரண்டும் வேதிப்பிணைப்பில் பற்றிக்கொள்ளும் என்று அந்தப் பொருளின் விவரத்தாளில் இருந்தது. நேரத்துக்குள்தான் போட்டோம். நடுவில் மெழுகு இருந்தால் நேரம் என்ன செய்யும்?

உண்மையைச் சொல்லிவிட்டேன். மாமா திட்டவில்லை. ஆசிரியையிடம், "தப்பு எங்க பக்கம்தான், செவ்வாய்க்கிழமை வந்து புதுசா போட்டுத் தர்றோம்" என்று மட்டும் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. நிச்சயதார்த்தத்துக்குப் போர்ச்சில் வாடகைக் கம்பளம் விரித்தார்கள். வந்தவர்கள் யாரும் தரையைப் பார்க்கவில்லை. அந்தக் கம்பளத்துக்கும் மாமாதான் பணம் கொடுத்தார்.

மேல்பூச்சைச் சுரண்டி, கழுவி, எபோக்சியின் பளபளப்பு மங்கும்வரை மணல்தாள் போட்டுத் தேய்க்க இரண்டு நாள் ஆனது. 24 மணி நேரம் கடந்துவிட்டதால் இனி வேதிப்பிணைப்பு கிடைக்காது. கீறல்களில்தான் புதுப்பூச்சு பிடித்துக்கொள்ள வேண்டும். இம்முறை கார் சக்கரம் ஏறும் பகுதிக்கு மேல்பூச்சில் அலுமினியம் ஆக்சைடு தூளையும் கலந்தோம், மழையில் வழுக்காமல் இருக்க.

விடுமுறையில் இந்த வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒன்று. பாலியூரிதேன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை உடம்பு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சுத் திணற வைக்கும். துணி முகக்கவசம் போதாது, ஆவியை வடிகட்டும் குப்பி பொருத்தியது வேண்டும். ஏற்கனவே ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இப்போது பல்கலைக்கழக விடுமுறைகளிலும் மாமாவோடு போகிறேன். தரையைக் கழுவியதும், வாளியில் கலங்கிய தண்ணீரை அவர் பார்க்கும்வரை ஊற்றாமல் வைத்திருப்பேன். அவர் அதைப் பார்த்துத் தலையாட்டுவார். பிறகு முட்டி போட்டு, தரையைத் தன் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் ரோலரை எடுப்பார்.